நாடக மாணவி யாரை முன்னோடியாகச் சொல்வது? – வில்லடி முதல் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வரை

தக்கலைக்காரி – ஜூலை 2, மாலை 5.40

நாடகத் துறையில் முதலாண்டு. "உன் நடிப்புக்கு ஊக்கம் தந்த நடிகர்கள், நடிப்பு ஆசிரியர்கள்" என்று 1,500 சொல்லில் கட்டுரை எழுதணும், கூடவே 8 நிமிடத் தனிநடிப்பு. என் பட்டியல் இப்போதைக்கு: ரஷ்ய நடிப்பு ஆசிரியர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, அமெரிக்க நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க், அவருடைய மாணவர்கள் மார்லன் பிராண்டோ, அல் பசினோ, நம்ம சிவாஜி. எழுத நிறையக் கிடைக்குது. ஆனா "இவங்ககிட்ட இருந்து எதை எடுத்து உன் நடிப்பில் வச்சிருக்கே?"ன்னு கேட்டா பதில் இல்லை. ஊர்ப் பக்கத்துக் கலைஞர்களைச் சேர்த்தா மதிப்பெண் குறையுமா?

அரங்கவாசல் – ஜூலை 2, இரவு 9.15

குறையாது. ஆனால் ஊர்க்காரர் என்பதற்காக மட்டும் சேர்த்தால் பிராண்டோவுக்கு வந்த அதே கதிதான் அவருக்கும் வரும்.

ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு வினைச்சொல் எழுது. "சிறந்த நடிகர்", "ஆழமான உணர்ச்சி" எல்லாம் வேண்டாம். நிறுத்துகிறார், காத்திருக்கிறார், மூச்சை மாற்றுகிறார், குரலை இறக்குகிறார் என்று உன் உடம்பால் செய்து பார்க்கக்கூடிய வேலையாக இருக்கணும். வினை வராத பெயரை அடித்துவிடு. ஐந்து பெயரில் இரண்டு மிஞ்சினாலும் 1,500 சொல்லுக்கு அது தாராளம்.

பட்டியலில் உடனே திருத்த வேண்டியது ஒன்று. பிராண்டோவை ஸ்ட்ராஸ்பெர்க்கின் மாணவராக எழுதாதே. அவர் தன் ஆசிரியராகச் சொன்னது இன்னொரு அமெரிக்க ஆசிரியரான ஸ்டெல்லா அட்லரை. பசினோ ஸ்ட்ராஸ்பெர்க்கின் பக்கம், அது சரி. இது வெறும் பெயர்க் குழப்பம் இல்லை. அட்லர் 1934இல் பாரீசில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் சந்தித்துப் பயின்று திரும்பினார். நடிகர் தன் சொந்தத் துக்கத்தைக் கிளறி எடுப்பது மையமில்லை, பாத்திரம் நிற்கும் சூழ்நிலையும் அது செய்யும் செயலும்தான் மையம் என்றார். ஸ்ட்ராஸ்பெர்க் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசிவரை உணர்ச்சி நினைவில்தான், அதாவது நடிகர் தன் பழைய அனுபவத்தை நினைத்து உணர்ச்சியை வரவழைப்பதில்தான் நின்றார். இரண்டு பேரையும் ஒரே பள்ளி போல எழுதினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் விழும். ஒருவரை எடு. முதலாண்டுக்கு என் பரிந்துரை அட்லர். இருபது வயதுக்காரர் மேடைக்காகத் தன் வீட்டுச் சாவை நினைத்து அழப் பழகுவது நல்லதில்லை. முதல் நாள் வரும் அழுகை நாலாம் நாள் வராது. வராதபோது முகத்தைச் சுளித்து ஈடுகட்டுவார்கள்.

வீசுகோல் – ஜூலை 3, காலை 7.05

மக்ளே, கன்னியாகுமரி மாவட்டத் தக்கலையில இருந்துகிட்டு நடிப்புக்கு ஆள் தேடுறியா? பங்குனி, சித்திரையில ஏதாவது ஒரு அம்மன் கோவில் கொடைக்கு (திருவிழாவுக்கு) போய் வில்லடி (வில்லுப்பாட்டு) மேடைக்கு முன்னால ராத்திரி முழுக்க உட்காரு.

என்ன கவனிக்கணும்னு சொல்லுகேன். நடுவில வில். குடத்தோட கழுத்தில சேர்த்துக் கட்டியிருக்கும், குடம் வைக்கோல் புரிமணையில இருக்கும். பாடுக புலவர் ரெண்டு கையிலயும் வில்லைத் தட்டுக வீசுகோல் வச்சிருப்பாரு. குடக்காரர் பத்தியால குடத்து வாயில தட்டுவாரு. உடுக்கு, தாளம், கட்டை சுத்தி இருக்கும். காப்பு பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடி, அதுக்குப் பிறகுதான் கதை. கடைசியில வாழி.

இதுல நடிகருக்கு உள்ள பாடம் மூணு. ஒண்ணு, புலவர் எழும்ப மாட்டாரு. ரெண்டு கையும் வீசுகோலில மாட்டிக்கிடக்கு. அப்படியே உட்கார்ந்த இடத்தில கதை சொல்லுகவரா இருப்பாரு, அடுத்த வரியில கதையில வருக நீலியா இருப்பாரு, அதுக்கு அடுத்த வரியில செட்டியா இருப்பாரு. முதுகும் கண்ணும் குரலும்தான் ஆயுதம். ரெண்டு, பக்கத்தில இருக்கவரு "ஆமா" போடுவாரு. அது சும்மா தலையாட்டல் இல்ல, கேட்டதுக்குக் கணக்கு. ஆமா தளர்ந்தா கதை தளரும். மூணாவதுதான் பெருசு. கோமரத்தாடிக்கு (சாமியாடிக்கு) அருள் வரவேண்டிய கட்டத்தில புலவர் கூட்டத்தைப் பார்க்க மாட்டாரு, கோமரத்தாடியை மட்டுந்தான் பார்ப்பாரு. அவருக்க தோள் அசையுதா, மூச்சு மாறுதான்னு பார்த்துப் பார்த்துத் தாளத்தை ஏத்துவாரு. முன்னாடியே ஏத்தினா அருள் வராது. பிந்தினா வந்த அருள் தணிஞ்சு போகும். எதிராளியைப் பார்த்து நடிக்கணும்னு உங்க வகுப்பில சொல்லுகாங்களே, அது இதுதான்.

தக்கலைக்காரி – ஜூலை 3, காலை 8.30

அண்ணே, கொடையில நூறு தடவை கேட்டிருக்கேன், இப்படிப் பார்த்ததில்லை. இதை வகுப்பறையில் பயிற்சியா எப்படிச் செய்றது? வில் கிடையாது.

அரங்கவாசல் – ஜூலை 3, இரவு 10.20

வில் வேண்டாம். ஓரடி நீளத்தில் இரண்டு குச்சி போதும்.

கதையில் 12 வரி எடு. உரைநடையே போதும். சம்மணமிட்டு உட்கார். கைபேசியில் தாளக் கருவியை நிமிடத்துக்கு 60இல் வைத்துத் தரையில் தட்டிக்கொண்டே சொல். முதல் சுற்றில் கதைசொல்லி மட்டும். இரண்டாவது சுற்றில் மூன்று இடத்தில் பாத்திரமாகு, ஆனால் குச்சி நிற்கக்கூடாது. முதுகின் சாய்வும் பார்வையின் திசையும் மட்டும் மாறணும். மூன்றாவது சுற்றில் எதிரே ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொரு வரி முடிவிலும் "ஆமா" போடச் சொல். அவர் வேண்டுமென்றே சில இடத்தில் பிந்திப் போடணும். வரும்வரை நீ காத்திருக்கணும், அவரை விட்டுவிட்டு ஓடக்கூடாது. இது சரியான பிறகுதான் 90, அப்புறம் 120.

பிசகும் இடங்கள்: வேகம் ஏறினதும் வினைமுற்றின் வால் விழுங்கப்படும். வந்தானா, வந்தாளா, வந்தார்களா என்பது அந்த வாலில்தான் இருக்கு. அது போனால் பின்வரிசைக்குக் கதையே போச்சு. தோள் காதுவரை ஏறும். மூச்சைச் சொல்லின் நடுவில் இழுப்பார்கள். இந்த மூன்றில் எது நடந்தாலும் வேகத்தை ஒரு படி இறக்கு. 60இல் தெளிவில்லாதவருக்கு 120 கிடையாது.

அரங்கவாசல் – ஜூலை 4, காலை 6.50

சிவாஜியைப் பற்றி நேற்று எதுவும் சொல்லவில்லை. வைத்துக்கொள்ளலாம், ஆனால் வசனத்தைப் போலச் செய்வதற்காக அல்ல. அவர் பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர்கள் நடிக்கும் நாடகக் குழுவில் வளர்ந்தவர். அந்தக் கம்பெனிக் கல்வி எப்படி நடந்தது என்று பார்த்தால் உன் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைக்கும். அதன் வேர் நம் பக்கம்தான் வந்து நிற்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்த பிள்ளைகள். 1925இல் அவர்களே பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் நடிகரானது அந்தச் சபையில். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த காது அது, பிற்பாடு அவரே வில்லிசை நடத்தினார். ஆசிரியர், ஆசிரியரின் மாணவர், அந்த மாணவரின் கம்பெனியில் உருவான நடிகர் என்று மூன்று படி தெளிவாகத் தெரியும். பசினோ வரை போய்த் தேட வேண்டியதில்லை.

என்.எஸ்.கே.யிடம் எடுக்க வேண்டிய வினை: கேட்கிறார். அவரும் டி.ஏ. மதுரமும் சேர்ந்து வரும் ஒரு காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார். பேசாதபோது யார் என்ன செய்கிறார் என்று மட்டும் குறி. எதிராளி பேசி முடிக்கும்வரை அவர் முகம் பதிலைத் தயாரிப்பதில்லை. பேச்சு முழுசாக உள்ளே இறங்கிய பிறகுதான் திரும்புகிறார். சிரிப்பு விழுவது அந்த இடைவெளியில்.

வீசுகோல் – ஜூலை 4, காலை 9.00

கலைவாணரை எழுதும்போது கிந்தனாரையும் சேரு. காலட்சேப வடிவத்தை அப்படியே எடுத்து, நந்தனார் கதையின் சாயலில், படிப்பை நாடிப் போற பையன் கதையாக்கினது. மரபான வடிவத்தில புதுச் சேதி வைக்கிறது எப்படின்னு அதைவிட நல்ல உதாரணம் இல்ல.

தக்கலைக்காரி – ஜூலை 5, இரவு 7.45

8 நிமிடத்துக்கு இப்படி யோசிச்சிருக்கேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ஒரு கடற்கரை ஊர். கடலுக்குப் போன மகனுக்காகக் கரையில காத்திருக்க அம்மா. அழுகை நிறைய வரும். தொல்காப்பியத்தில் எட்டு மெய்ப்பாடு (உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி) படிச்சோம், அதுல அழுகையை எடுத்துக்கவா?

அரங்கவாசல் – ஜூலை 5, இரவு 11.30

நல்ல இடம் வந்திருக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டின் பெயரோடு நின்றுவிடாதே: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டுக்கும் நான்கு நான்காக அது பிறக்கும் இடம் சொல்லியிருக்கு, மொத்தம் முப்பத்திரண்டு. அழுகைக்கு இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (தளர்ச்சி), வறுமை. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அழும்போது உதடு எப்படி இருக்கணும் என்று அங்கே இல்லை. எதனால் அழுகை வருகிறது என்றுதான் இருக்கு. நடிகருக்கு வேண்டியதும் அதுதான். முகத்தைத் தேடாதே, காரணத்தில் நில். அட்லர் சூழ்நிலை என்று வற்புறுத்தியதற்கு இவ்வளவு நெருங்கிய துணை நம் இலக்கணத்தில் இருக்கும்போது கட்டுரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

இனி உன் அம்மாவுக்கு வா. நவம்பர் 30 அன்று அவளுக்கு இழவு நேரவில்லை. மகன் இறந்தது அவளுக்குத் தெரியாது. தெரியாதவள் இழவுக்கு அழுதால் நாடகம் பொய்யாகிவிடும். ஒக்கியில் பல வீடுகளில் கொடுமை அதுதான், நாள்கணக்கில் உறுதியாக ஒரு சொல் வராதது. ஆகவே முதல் 6 நிமிடத்துக்கு அழுகைக்கு இடமே இல்லை. அவளுக்கு வேலை இருக்கு. கைபேசியில் கூப்பிடுகிறாள், "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று வருகிறது, மறுபடி கூப்பிடுகிறாள். கரை சேர்ந்த ஒவ்வொரு வள்ளத்தையும் எண்ணுகிறாள். இறங்கினவரிடம் கேட்கிறாள். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தைரியம் சொல்கிறாள். பங்குத்தந்தையிடம் போகலாமா என்று நினைக்கிறாள், போனால் அது கெட்ட சேதியை ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று நிற்கிறாள். இவற்றில் நாலு செயலை எடு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம்.

கைபேசிச் செயலை மட்டும் தனியாக ஒத்திகை பார். எண்ணை அழுத்துவது, காதில் வைப்பது, அறிவிப்பு வருவது, இறக்குவது என நாலு அசைவு. முதல் தடவை அறிவிப்பு முழுவதும் கேட்கிறாள். இரண்டாம் தடவை பாதியில் இறக்குகிறாள். மூன்றாம் தடவை காதுக்குப் போகும் வழியிலேயே கை நிற்கிறது. உணர்ச்சி ஏறுவதை இந்த மூன்று வேறுபாடு காட்டிவிடும், முகம் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். மூன்றையும் ஒரே மாதிரிச் செய்துவிட்டு மூன்றாவதில் விம்முவதுதான் எல்லாரும் செய்வது. அதைத் தவிர்.

உண்மையில் பறிகொடுத்த குடும்பங்கள் நம் மாவட்டத்தில் இருக்காங்க. யாருடைய பெயரும், எந்த வள்ளத்தின் பெயரும் வரக்கூடாது. பேச்சு அந்தக் கடற்கரையின் பேச்சாக இருக்கணும். நீ தக்கலைக்காரி, "எனக்க", "ஒனக்க" உன் வாயில் இயல்பாக வரும். ஆனால் கடற்கரை ஊரின் ராகமும் சொல்லும் வேறு. தெரியாத சொல்லைத் திணிக்காதே. உன் பேச்சிலேயே சொல், அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டித் திருத்து.

குழித்துறை வாசகர் – ஜூலை 6, காலை 10.10

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் திருவிழாவில் கதகளி நடக்கும் மாவட்டம் இது. கண்ணைப் பற்றி யாருமே பேசலையே? தனிநடிப்பில் கடலைப் பார்க்க வேண்டிய பெண் இவள்.

அரங்கவாசல் – ஜூலை 6, இரவு 8.40

சரியான கேள்வி. மேடையில் கடல் இல்லை, கண்தான் கடலைக் காட்டணும்.

கதகளி, கூடியாட்டம் (கேரளத்தின் பழைய சமஸ்கிருத நாடகம்) இரண்டின் கண்பயிற்சியின் எளிய பகுதியை மட்டும் சொல்கிறேன். விடியலில், முகம் கழுவிய பிறகு, முதுகு நிமிர்ந்து உட்கார். கட்டைவிரலை முழங்கை நீட்டிய தூரத்தில் கண் மட்டத்தில் பிடி. வலம் இடமாக 8, மேல் கீழாக 8, இரண்டு மூலைவாட்டிலும் எட்டெட்டு, பிறகு வட்டம் இருபுறமும் எட்டெட்டு. முதலில் மெதுவான காலம், அப்புறம் நடு, அப்புறம் விரைவு. முடிந்ததும் உள்ளங்கையால் கண்ணை மூடி ஒரு நிமிடம். தலையில் ஒரு நோட்டுப் புத்தகம் வை. விழுந்தால் கண் வேலை செய்யவில்லை, கழுத்து செய்கிறது. புருவம் சுருங்குவதும் மூச்சு நிற்பதும் அடுத்த இரண்டு பிசகு. காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்று. களரியில் (பயிற்சிக் கூடத்தில்) கண்ணில் நெய் விட்டுப் பயில்வது ஆசான் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது, காணொளி பார்த்து வீட்டில் செய்யாதே.

பழகிய பிறகு கடல்: சுவரில் கண் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கோடு, அதுதான் அடிவானம். வலக் கோடியிலிருந்து இடக் கோடிவரை மெதுவாகப் போ, ஒரு புள்ளியில் நில். வள்ளம் தெரிகிறது. அது நெருங்க நெருங்கப் பார்வை கீழே இறங்கும், ஏனென்றால் கரை உனக்குக் கீழே இருக்கு. இந்த இறக்கத்தைச் செய்யாவிட்டால் வள்ளம் ஆகாயத்திலேயே நிற்கும். கரை தொட்டதும் ஆள் எண்ணுகிறாய்: ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது இல்லை.

கட்டுரைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆசிரியர் வேண்டுமென்றால் அம்மன்னூர் மாதவ சாக்கியார் (1917–2008). கூடியாட்டத்தில் பாலி (இராமாயண வாலி) மடிவதை மூச்சாலேயே காட்டியவர் என்று பேர் பெற்றவர். சாவைப் போலச் செய்யாதே, வரிசையை எடு: முதலில் மூச்சு மாறுகிறது, பிறகு கண், கடைசியில்தான் உடம்பு. "வந்திருவான்" என்ற ஒரே சொல்லை நீண்ட மூச்சுக்குப் பிறகு, பாதியில் நின்ற மூச்சுக்குப் பிறகு, மூச்சை முழுக்க விட்ட பிறகு என மூன்று விதமாகச் சொல்லிப் பார், வேறுபாடு புரியும். நேரில் பார்க்க வேண்டுமென்றால் திருவனந்தபுரத்தில் மார்கி என்ற கலை நிறுவனம் இருக்கு, 1970 முதல். கதகளியும் கூடியாட்டமும் அங்கே உண்டு.

வீசுகோல் – ஜூலை 7, காலை 7.30

குரலுக்குத் தோல்பாவைக் கூத்தை விட்டிராதுங்க. நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில மராத்தி பேசுக கூத்துக் குடும்பங்கள் உண்டு. திரைக்குப் பின்னால ஒரே ஆள் ராமனும் அவருதான், அனுமாரும் அவருதான், சிரிப்புக்கு வருக உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அவருதான். பாவையையும் ரெண்டு கையால ஆட்டணும்.

அரங்கவாசல் – ஜூலை 7, இரவு 9.50

இதை மேலே நானே சொல்லியிருக்கணும். அம்மாவோடு பேசும் பக்கத்து வீட்டுக்காரி, கரை சேர்ந்த வள்ளக்காரர் எல்லாருக்கும் தக்கலைக்காரியே குரல் தரப்போகிறாள்.

குரலில் மாற்றக்கூடியது மூன்று: சுதி, அது ஒலிக்கும் இடம் (மூக்கு, வாய், நெஞ்சு), வேகம். ஒரு பாத்திரத்துக்கும் அடுத்ததுக்கும் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு மாறணும். சுதி மட்டும் மாற்றினால் மூன்றாவது நிமிடத்தில் எல்லாரும் ஒரே குரலில் வந்து சேர்ந்துவிடுவார்கள். அதைத் தடுக்க ஒவ்வொருவருக்கும் ஒரு திறவு வரி வை. வள்ளக்காரருக்கு "ஒண்ணும் தெரியல்ல" என்றால், அவராகப் பேசும் முன் அதை மனசுக்குள் சொல்லு, குரல் தானாக வந்து உட்காரும். முரட்டுக் குரலைத் தொண்டையை நெரித்து எடுக்காதே, நெஞ்சில் இறக்கு. ஒரே மூச்சில் 20 நிமிடத்துக்கு மேல் பழகாதே. எரிச்சல் எடுத்தால் அன்றைக்கு நிறுத்து.

தக்கலைக்காரி – ஜூலை 9, மாலை 6.20

கடைசி ஒன்றரை நிமிடம் ஒப்பாரி வைக்கலாமா? தமிழ் மேடையில் முன்னுதாரணம் உண்டா?

அரங்கவாசல் – ஜூலை 9, இரவு 10.00

உண்டு, அதுவும் பக்கத்து ஊர்க்காரருடையது. நாங்குநேரியில் பிறந்த சே. இராமானுஜம் (1935–2016) தேசிய நாடகப் பள்ளியில் பயின்றவர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையை நடத்தியவர். அவருடைய வெறியாட்டம், டிராய் பெண்களைப் பற்றிய கிரேக்க நாடகத்தை நம் ஒப்பாரிக்குள் கொண்டுவந்தது. 1977இல் காந்திகிராமத்தில் கேரள நாடகக்காரர் ஜி. சங்கரப் பிள்ளையோடு அவர் நடத்திய பயிற்சி முகாமிலிருந்துதான் தமிழில் நவீன நாடகக்காரர்கள் ஒரு தலைமுறையாகக் கிளம்பினார்கள். அதே ஆண்டு சென்னையில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அங்கே புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்து உடற்பயிற்சியாகவே நுழைந்தது. ஆசிரியர் என்ற தலைப்பில் எழுத இராமானுஜம், முத்துசாமி இருவரில் ஒருவர் கட்டாயம் வேண்டும். உன் காட்சிக்குப் பொருந்துபவர் இராமானுஜம்.

ஆனால் உன் அம்மா ஒப்பாரி வைக்கக்கூடாது. வைத்தால் மகன் போய்விட்டான் என்று அவளே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரி தொடங்கட்டும், இவள் தடுக்கட்டும். ஒரு வரி கேட்டால் போதும். ஒப்பாரியில் விம்மல் வரி முடிவில், மூச்சு தீரும் இடத்தில் விழும். முதல் சொல்லிலேயே குரலை உடைத்தால் அது பாட்டாகவும் நிற்காது, அழுகையாகவும் நிற்காது.

குழித்துறை வாசகர் – ஜூலை 10, காலை 8.15

இடம் எவ்வளவு எடுக்கலாம்? கல்லூரி மேடை ரொம்பப் பெரிசு என்கிறாள் தக்கலைக்காரி.

அரங்கவாசல் – ஜூலை 10, இரவு 9.05

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மேடை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். கோல் என்பது இருபத்துநான்கு பெருவிரல். விரலை ஓர் அங்குலமாகக் கொண்டால் 16 அடிக்கு 14 அடி, உயரம் 2 அடி. ஒருவர் நின்று ஆட இன்றைக்கும் சரியான அளவு. தரையில் நாடா ஒட்டி அதற்குள் நில். முன்விளிம்பை அலை தொடும் கோடாக வைத்துக்கொள், அதை அவள் ஒரு தடவைதான் தாண்டணும்.

தக்கலைக்காரி – ஜூலை 12, இரவு 8.00

பட்டியல் இப்போ: வில்லடிப் புலவர், என்.எஸ்.கே., அம்மன்னூர், இராமானுஜம், அட்லர். வினைகள்: ஏத்துகிறார், கேட்கிறார், மூச்சை மாற்றுகிறார், ஒப்பாரியை மேடையேற்றுகிறார், சூழ்நிலையில் நிற்கிறார். சிவாஜியை எடுத்துட்டேன். ஆடி மாசம் ஒரு கொடை இருக்கு, பதிவு பண்ணப் போறேன்.

வீசுகோல் – ஜூலை 12, இரவு 9.25

பதிவு பண்ணுகதுக்கு முன்னால கோவில் கமிட்டியிலயும் புலவர்கிட்டயும் தனித்தனியா கேளு. அருள் வருக கட்டத்தில கேமராவை இறக்கிரு, வெளிச்சத்தை யாரு முகத்திலயும் அடிக்காத. புலவர்கிட்டப் பேசணும்னா கதை முடிஞ்சு வாழி பாடினபிறகு போ. இடைவேளையில தொண்டைக்கு ஓய்வு எடுத்துட்டிருப்பாரு.

அரங்கவாசல் – ஜூலை 12, இரவு 10.10

கட்டுரைக்கு ஐந்து பேர் கூடுதல். 1,500ஐ ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 300 சொல், அதில் பிறப்பு இறப்பு போக மிஞ்சுவது பயிற்சியைச் சொல்லப் போதாது. புலவரும் இராமானுஜமும் ஐந்நூறு ஐந்நூறு. மற்ற மூவரும் மீதியில், வினையும் காட்சியில் அது வரும் இடமும் மட்டும். "மூன்றாம் நிமிடம், கைபேசி, அட்லர்" என்று குறித்தால் தேர்வாளர் உன் நடிப்பைப் பார்த்துக்கொண்டே கட்டுரையைச் சரிபார்க்கலாம்.